குனிந்து குடிக்கிற ஊர்

நாள் 1: ஆம்ஸ்டர்டாம்

"கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது குனியுங்கள்."

கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்மணி அவ்வளவுதான் சொன்னார். வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். எதிரே ட்யூலிப் மொட்டு வடிவத்தில் ஒரு சின்னக் கிளாஸ். விளிம்பு வரை ஊற்றியிருந்தார் என்று சொன்னால் போதாது, விளிம்புக்கு மேலேயும் ஒரு நூல் உயரத்துக்குப் புடைத்து நின்றது. தூக்கினால் சிந்திவிடும். அதனால் முதல் மடக்கை மேஜையில் இருந்தபடியே உறிஞ்ச வேண்டும், அப்புறம்தான் கையில் எடுக்கலாம். பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒரு பெரியவரும் அப்படியே குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

டாம் சதுக்கத்துக்குப் பின்னால் பைல்ஸ்டேக் என்றொரு சந்து. ஆட்டோ நுழையாது. அதில்தான் வைனாண்ட் ஃபோக்கிங்க் என்ற இந்தக் கடை, 1679இல் தொடங்கியது. உட்கார நாற்காலி கிடையாது. மரத்தட்டுகளில் பாட்டில்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. நின்று, குனிந்து, குடித்து, போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

குடித்தது யெனேவர், ஜூனிப்பர் என்ற காயின் வாசனை ஏற்றிய டச்சுத் தானியச் சாராயம். ஜின்னின் தாய் என்று சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் சண்டை போட வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் இதைக் குடித்துப் பழகினார்கள். 1689இல் டச்சு இளவரசர் வில்லியம் இங்கிலாந்தின் அரியணையிலும் ஏறினார். பிரெஞ்சு பிராந்திக்குக் கதவு அடைபட்டது, உள்ளூரில் தானியச் சாராயம் காய்ச்சுவது சுலபமாயிற்று. ஆங்கிலேயர் வாயில் யெனேவர் 'ஜெனிவா' ஆகி, பிறகு 'ஜின்' என்று சுருங்கியது. பெயர் சுருங்கும்போது சரக்கும் கொஞ்சம் சுருங்கிவிட்டது என்பது என் கட்சி. அதைச் சரிபார்க்கத்தான் ஐந்து நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன்.

கூட வந்திருப்பவன் என் மனைவியின் தம்பி. ரோட்டர்டாமில் வேலை. குடிக்க மாட்டான். "எனக்கு எதுக்கு அத்தான், நான் வேடிக்கை பார்க்குறேன், நீங்க விழுந்தா பிடிக்க ஆள் வேணும்ல" என்று ஆப்பிள் ஜூஸோடு நின்றான்.

இன்றைக்கு அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் 'யோங்கே' (இளையது), 'ஔடே' (பழையது) என்று இரண்டு வகை இருந்தது. நமக்குத்தான் விஸ்கி ஞானம் இருக்கிறதே! பழையது கொடுங்கள் என்று கேட்டு, "எத்தனை வருஷம் பீப்பாயில் இருந்தது?" என்று ஒரு கேள்வியும் போட்டேன். அந்தப் பெண்மணிக்கு இது தினமும் வருகிற கேள்வி போல. பழையது என்றால் பழைய முறையில் செய்தது, இளையது என்றால் புதிய முறையில் செய்தது, வயதுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றார். நேற்று வடித்ததும் ஔடேவாக இருக்கலாம்.

குடித்துப் பார்த்தால் வித்தியாசம் புரிகிறது. யோங்கே தண்ணீர் மாதிரித் தெளிவு, ருசியும் அடக்கம், வோட்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஔடே நாக்கில் பட்டதும் எனக்கு ஹார்லிக்ஸ் ஞாபகம் வந்தது. சத்தியமாக. முளைகட்டிய தானியத்தை வறுத்த வாசனை, அதற்குப் பின்னால்தான் ஜூனிப்பர் காயின் கற்பூரக் காரம் லேசாக எட்டிப் பார்க்கிறது. நாம் டானிக் கலந்து குடிக்கிற லண்டன் ஜின்னில் ஜூனிப்பர்தான் ராஜா. இதில் ராஜா தானியம்.

நாள் 2: ஸ்கீடாம்

ரோட்டர்டாமிலிருந்து ரயிலில் ஐந்து நிமிஷம்தான். பேர் மட்டும் உலகம் முழுக்கத் தெரியும். ஒரு காலத்தில் 'ஸ்கீடாம்' என்றாலே பல நாட்டுத் துறைமுகங்களில் சாராயம் என்றுதான் அர்த்தம்.

நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை, பிறகு லாங்கே ஹாவன் என்ற நீளமான கால்வாய். இரு கரையிலும் பழைய கிடங்குகள், குறுக்கே தூக்குப் பாலங்கள். ஒரு வாத்து, ஒரு சைக்கிள், வேறு சத்தமே இல்லை. இந்த அமைதியைப் பார்த்துவிட்டு 1880களின் கணக்கைக் கேட்டால் நம்புவது கஷ்டம்: இந்தச் சின்ன ஊரில் மட்டும் ஏறக்குறைய 400 சாராய ஆலைகள். எல்லாம் நிலக்கரி அடுப்பு. இரவும் பகலும் புகை. சுவர், கூரை, காயப்போட்ட துணி, எல்லாம் கரி படிந்து கிடந்ததால் ஊருக்கு 'கறுப்பு நாசரேத்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

ஊரைப் பார்க்க நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். கப்பலில் வந்த தானியம் எந்த வழியே போயிருக்குமோ, அந்த வழியே போவது.

முதலில் சுமைகாரர்களின் வீடு. 1725இல் கட்டிய, மணிக்கூண்டு வைத்த சிறிய கட்டடம். தானியக் கப்பல் வந்தால் மணி அடிப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் ஓடி வருவார்கள். எல்லோருக்கும் வேலை இருக்காது. அதனால் தாயம் உருட்டுவார்கள், விழுந்தவனுக்கு வேலை. "பரவாயில்லையே, எங்க ஆபீஸ்ல புது ப்ராஜெக்ட் கொடுக்குறதைவிட இது நியாயமா இருக்கு" என்றான் மாப்பிள்ளை.

அடுத்து தானியச் சந்தை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் யான் ஜூடிச்சி என்ற இத்தாலிய வம்சக் கட்டடக்காரர் கட்டியது. இங்கே விலை பேசி முடித்தால் மூட்டை நேராகக் காற்றாலைக்குப் போகும்.

அந்தக் காற்றாலைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹாலந்து காற்றாலை என்றால் காலண்டரில் வருகிற, புல்வெளி நடுவே குந்தியிருக்கிற ஒன்றுதான் நம் மனதில் இருக்கும். ஸ்கீடாமில் அவை கோபுரங்கள். செங்கல் கோபுரம். 'தெ நோர்ட்' என்ற ஆலைக்குத் தலைத்தொப்பி வரைக்கும் 33 மீட்டர் உயரம், பழைய பாணிக் காற்றாலைகளில் உலகத்திலேயே உயரமானது. காரணம் பெருமை இல்லை, காற்று. சுற்றிலும் உயரமான கிடங்குகள் காற்றை மறைத்தன. வீட்டுக்கூரைகளுக்கு மேலே கழுத்தை நீட்டினால்தான் இறக்கை சுற்றும். இருபது ஆலைகள் வரை இருந்ததில் பழையவை 5 மிச்சம். இடிந்துபோன ஒன்றை நம் காலத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று வேடிக்கை: நோலெட் சாராயக் குடும்பம் 2006 வாக்கில் எழுப்பிய காற்றாலை. பார்க்கப் பழையது மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது மின்சாரம் எடுக்கிற டர்பைன். எனக்கு அது பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்தது.

1794ஐச் சேர்ந்த 'தெ வால்விஸ்' (திமிங்கிலம்) ஆலையின் கீழ்த்தளத்தில் மாவு விற்கிறார்கள். ரை என்ற தானியத்தின் மாவு ஒரு கிலோ வாங்கினேன். நம்ம கம்பு மாவு மாதிரியே சாம்பல் பூத்த நிறம். தோசைக்கு ஆகுமா என்று பார்க்கலாம் என்று மாப்பிள்ளை பையில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் லாங்கே ஹாவனில் உள்ள யெனேவர் அருங்காட்சியகம். பழைய சாராய ஆலைக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் செத்த பொருள்களை வைத்துக் காட்டுகிற இடம் என்று நினைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததுமே மூக்கு சொல்லிவிட்டது, இங்கே அடுப்பு எரிகிறது என்று. இரண்டு நாள் அதிகமாகப் புளித்த தோசை மாவுக்கும் ஈர மரத்துக்கும் நடுவே ஒரு வாசனை.

செய்முறையை அங்கே ஒருவர் பொறுமையாகச் சொன்னார். ரை மாவும் முளைகட்டிய பார்லி மாவும் வெந்நீரில் கரைபடும். சில இடங்களில் மக்காச்சோளமும் சேரும். ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுவார்கள். புளித்ததும் வடிகட்டாமல், கூழோடு கூழாகவே, செப்புக் கொப்பரையில் ஏற்றிவிடுவார்கள். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வித்தை. பாயசம் கிண்டியவர்களுக்கு இது புரியும். முதல் வடிப்பில் சுமார் 12 சதவீதம்தான் வரும், அதற்குக் 'கரட்டு ஈரம்' என்று பொருள்படும் ஒரு பெயர். இரண்டாவது வடிப்பில் 24 வாக்கில். மூன்றாவதில் 46, 47. அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பெயர் மௌட்வைன், முளைத்தானிய ஒயின் என்று அர்த்தம். பெயரில்தான் ஒயின், சுத்தமான சாராயம்.

இந்த 'அங்கேயே நிறுத்துவது'தான் ஸ்கீடாமின் முழு ரகசியமும். ஜின்னுக்கு அடிப்படையான நியூட்ரல் ஸ்பிரிட்டை 96 சதவீதம் வரை ஏற்றிவிடுவார்கள். அந்த உயரத்துக்குப் போனால் அரிசியில் வடித்ததா, கரும்பில் வடித்ததா, யாருக்கும் தெரியாது. 47இல் நிறுத்தினால் தானியம் கூடவே வரும்.

சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் மௌட்வைன் ஊற்றி, குடிக்காதீர்கள், உள்ளங்கையில் தேயுங்கள் என்றார். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தேன். ஆல்கஹால் பறந்து போனதும் கையை முகர்ந்தால், அடுமனையில் அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மேல்தோல். குடிக்காத மாப்பிள்ளையும் தேய்த்துப் பார்த்தான். சாப்பாட்டு நேரம் வரை கையைக் கழுவாமல் திரிந்தான்.

இங்கே வடிக்கிற சரக்குக்கு 'ஓல்ட் ஸ்கீடாம்' என்று பெயர். நூறு சதவீதம் மௌட்வைன். ஸ்கீடாமில் வடித்த முழு மௌட்வைன் என்பதற்கு நகர முத்திரை தருகிற வழக்கம் 1902இல் வந்தது. அது ஏன் அந்த வருஷம் தேவைப்பட்டது என்று யோசித்தால் ஊரின் வீழ்ச்சியும் புரிந்துவிடும். 1830இல் ஈனியஸ் காஃபி என்பவர் தொடர்வடிப்புக் கோபுரத்துக்கு காப்புரிமை வாங்கினார். அது மூன்று தடவை கொப்பரையைக் கழுவுகிற வேலையை ஒழித்தது. பிறகு சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டின் கழிவுப்பாகிலிருந்து மலிவாக ஆல்கஹால் வந்தது. அதில் கொஞ்சம் ஜூனிப்பர் வாசனை ஏற்றி யெனேவர் என்று விற்றார்கள். இதற்கிடையே ஸ்கீடாம்காரர்களுக்கு இன்னொரு வருமானமும் போனது. நுரைக்கிற கூழின் மேலே மிதக்கும் ஈஸ்டை ரொட்டிக் கடைகளுக்கு விற்றுவந்தார்கள். 1869இல் பக்கத்து டெல்ஃப்ட்டில் ஃபான் மார்க்கன் ஈஸ்ட் தொழிற்சாலையைத் தொடங்கினார். தரமான ஈஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடைத்தபோது சாராயக்காரரின் ஈஸ்டை யார் கேட்பார்கள்? முதல் உலகப்போரில் தானியமே கிடைக்காமல் போக, இளைய பாணி இன்னும் காலூன்றியது.

சதுர பாட்டில்கள் ஒரு வரிசை இருந்தது. மேலே அகலம், கீழே குறுகல். உருண்டை பாட்டில்களுக்கு நடுவே இடம் வீணாகும், சதுரம் என்றால் பெட்டியில் செங்கல் மாதிரி அடுக்கலாம். இப்படித்தான் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. கானாவில் இன்றைக்கும் மூதாதையருக்குத் தரையில் ஊற்றிப் படைக்கிற 'ஷ்னாப்ஸ்' இந்த வம்சம்தான்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நூறு வருஷத்துக்கு மேல் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்களே, நமக்கு இந்தப் பழக்கம் ஒட்டவில்லையா? மாப்பிள்ளையிடம் கேட்டேன். "நாம வாங்கிக்கிட்டது துட்டும் கக்கூசும்தான் அத்தான்" என்றான். உண்மைதான். 'டாய்ட்' என்ற செப்புக்காசுதான் நம் துட்டு. 'காக்ஹௌஸ்' என்ற வார்த்தைதான் கக்கூசு.

நாள் 3: மழை

வெளியே போகவில்லை. போனது பக்கத்துத் தெருவரைக்கும்தான், அதில் ஒரு ஏமாற்றம். சுற்றுலாப் பொருள் விற்கிற ஒரு கடையில் பழுப்பு நிறக் களிமண் பாட்டில் ஒன்று, காதுபோலப் பிடி வைத்து, அழகாக இருந்தது. களிமண் பாட்டில் என்றால் கண்டிப்பாகப் பழைய பாணி என்று எண்ணி வாங்கினேன். வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தால் யோங்கே. தண்ணீர் சரக்கு, மண்பாண்ட வேஷம். பாட்டிலுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

ஆக, லேபிள் படிக்கக் கற்றுக்கொண்ட வகையில் இந்த மழைநாள் வீண்போகவில்லை. ஔடே என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 15 சதவீதம் மௌட்வைன் இருக்க வேண்டும், சர்க்கரை லிட்டருக்கு 20 கிராம் தாண்டக்கூடாது. யோங்கேயில் மௌட்வைன் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சர்க்கரை 10 கிராம். 'கோரன்வைன்' என்றால் பாதிக்கு மேல், 51 சதவீதமாவது. பழைய முறைக்கே 15 சதவீதம் போதும் என்றால் மீதி 85? நியூட்ரல் ஸ்பிரிட்டாக இருக்கலாம், சட்டம் கேட்காது. சாம்பாரில் நாலு பருப்பு மிதந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு விதி. அதனால்தான் இப்போது அக்கறையாகச் செய்கிறவர்கள் ஔடே என்று மட்டும் எழுதி நிறுத்துவதில்லை, 'நூறு சதவீதம் மௌட்வைன்' என்று தனியாகப் போடுகிறார்கள். வாங்குகிறவர்கள் அந்த வரியைத் தேடுங்கள். பாட்டிலைப் பார்த்து மயங்காதீர்கள்.

லேபிளில் இன்னொரு கட்டுக்கதையும் அடிக்கடி வரும்: லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சில்வியஸ்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று. மனிதர் பிறந்ததே 1614இல். ஜூனிப்பர் காயிலிருந்து மருந்துநீர் வடிக்கும் முறை 1552இல் ஆண்ட்வெர்ப்பில் அச்சான ஒரு வடிப்புநூலிலேயே இருக்கிறது. ஜூனிப்பரைக் கொதிக்கவைத்து வயிற்றுவலிக்குக் குடிக்கச் சொல்கிற டச்சுப் பாடல் வரிகள் 13ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. நம் வீட்டுப் பாட்டிகளின் சுக்கு கஷாயத்துக்கு ஒரு பேராசிரியரைத் தேடுவது போன்ற வேலை இது.

சாயங்காலம் மாப்பிள்ளை ரை மாவில் கொஞ்சம் உளுந்தை அரைத்துச் சேர்த்துக் கரைத்தான். இந்த ஊர்க் குளிரில் மாவு பொங்காது. அதனால் மாவு பொங்க அவன் வைத்திருக்கிற இடம் ஓவன்: சூடு போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று.

நாள் 4: பார்லே

மழை விட்டது. பிரேடா வரை ரயில், அங்கிருந்து பஸ். பார்லே என்பது இரண்டு நாட்டு ஊர். பார்லே நசௌ நெதர்லாந்து, பார்லே ஹெர்டோக் பெல்ஜியம். ஆனால் நடுவே கோடு போட்டுப் பிரிக்கவில்லை, பெல்ஜியம் 22 துண்டுகளாக நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கிறது. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக்குறிகள், ஒரு பக்கம் ஒரு நாடு, மறுபக்கம் இன்னொன்று. சில வீடுகளின் நடுவிலேயே எல்லை ஓடுகிறது. வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு வரி. நான் ஒரு மேஜையில் உட்கார்ந்தேன், மாப்பிள்ளை எதிரே பெல்ஜியத்தில்.

இங்கே வந்த காரணம் ஸௌடாம் என்ற சாராய ஆலை. 1975இல் ஃபிரெட் ஃபான் ஸௌடாம் தொடங்கினார். இப்போது மகன் பாட்ரிக் கையில். தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். யெனேவர் என்றால் தாத்தாக்கள் மத்தியானம் குடிக்கிற மலிவுச் சரக்கு என்று ஆகிவிட்ட காலம். இளைஞர்கள் வோட்காவுக்கும் விஸ்கிக்கும் போய்விட்டார்கள். பெரிய கம்பெனிகள் மௌட்வைனை வெளியிலிருந்து வாங்கிக் கலக்கின. இவர்கள் தானியத்தைக் காற்றாலையில் அரைக்கக் கொடுத்து, தாங்களே நுரைக்கவிட்டு, தாங்களே கொப்பரையில் வடித்து, பீப்பாயில் வருஷக்கணக்கில் வைத்தார்கள்.

அவர்களுடைய ரை யெனேவரைக் கேட்டு வாங்கினேன். மிளகு. முதலில் மிளகு, அப்புறம் தேன் தடவின ரொட்டி, கடைசியில் ஓக் மரம். ஸ்கீடாமில் குடித்ததைவிட இது கொஞ்சம் விஸ்கிப் பக்கம் சாய்கிறது. இதை யெனேவர் என்று மனதாரக் கொண்டாடலாமா, அல்லது விஸ்கி ரசிகர்களுக்காகச் செய்த சமரசமா என்று எனக்குள் ஒரு வழக்கு ஓடியது. இரண்டாவது கிளாஸில் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டேன்.

மீட்சி மீட்சி என்கிறார்களே, அது நிஜமா? நிஜம்தான், அளவு சின்னது. 2008இல் இரண்டு காரியம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் யெனேவர் என்ற பெயரைக் காப்பாற்றியது: நெதர்லாந்து, பெல்ஜியம், வட பிரான்சின் இரண்டு மாவட்டம், ஜெர்மனியின் இரண்டு மாநிலம், இவற்றுக்கு வெளியே அந்தப் பெயரைப் போடக்கூடாது. அதே வருஷம் ஆம்ஸ்டர்டாமின் போல்ஸ் கம்பெனி 1820ஆம் வருஷத்துச் செய்முறையை எடுத்துத் தூசிதட்டி அமெரிக்காவில் இறக்கியது. காக்டெய்ல் கலக்குகிறவர்கள் தூக்கிக்கொண்டாடினார்கள். அதில் நியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க பார்களில் ஜின் என்று எழுதியிருந்த பல இடங்களில் ஊற்றப்பட்டது இந்த ஹாலந்து சரக்குதான். லண்டன் ஜின்னை ஊற்றிவிட்டு, பழைய கலவை ஏன் சரியாக வரவில்லை என்று பல வருஷம் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். ஸ்கீடாமில் இந்தோனேசியத் தாத்தா ஒருவரின் மசாலாப் பழக்கத்தை வைத்து 'பாபிஸ்' என்று ஒன்று வந்திருக்கிறது, எலுமிச்சைப் புல் வாசனையோடு. ஆனாலும் சாதாரணக் கடைத்தட்டில் நிரம்பி நிற்பது யோங்கேதான். நேற்று நானே சாட்சி.

நாள் 5: ஹாசெல்ட்

பெல்ஜியத்துக்குள் முழுசாக வந்தாயிற்று. இந்த ஊர் ஏன் யெனேவர் ஊரானது என்பதற்கு ஒரு தடை காரணம், ஏன் அழிந்தது என்பதற்கு இன்னொரு தடை காரணம்.

1601இல் தென் நெதர்லாந்தை (ஏறக்குறைய இன்றைய பெல்ஜியம்) ஆண்ட ஆல்பெர்ட்டும் இசபெல்லாவும் தானியத்தில் சாராயம் காய்ச்சக் கூடாது என்று தடை போட்டார்கள். சாப்பாட்டுக்கே தானியம் போதாத காலம். காய்ச்சுகிறவர்கள் பலர் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனார்கள், ஸ்கீடாம் கொழுத்தது. ஹாசெல்ட் மட்டும் லீஜ் நகர பிஷப்பின் ஆட்சியில் இருந்ததால் தடை இங்கே செல்லவில்லை. அடுப்பு அணையவில்லை.

இரண்டாவது அடி 20ஆம் நூற்றாண்டில். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் செப்புக்காகக் கொப்பரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போர் முடிந்து 1919இல் அமைச்சர் எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்த சட்டம்: ஹோட்டல், பார் எங்கேயும் சாராயம் ஊற்றக்கூடாது. கடையில் வாங்கலாம், ஆனால் ஒரே தடவையில் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும். தொழிலாளியால் அவ்வளவு காசு ஒரே நாளில் புரட்ட முடியாது என்பதுதான் கணக்கு. சாராயத்தைத் தடை செய்யாமலே ஏழையிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பணக்காரன் வீட்டு அலமாரியில் இரண்டு லிட்டர் பத்திரமாக இருந்தது. நம் ஊரில் மதுவிலக்கு பற்றி எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறோம், இப்படி ஒரு நூதனம் கேட்டதில்லை. பெல்ஜியத்தில் இவ்வளவு கடுமையான பீர் வகைகள் இருக்கிறதே, அதற்கும் இந்தச் சட்டம் ஒரு காரணம் என்பார்கள். சாராயம் கிடைக்காத வாய்க்கு அது பதில். 1983இல்தான் சட்டத்தை எடுத்தார்கள், நாலு வருஷத்தில் இங்கே யெனேவர் அருங்காட்சியகம் வந்துவிட்டது.

பண்ணையோடு சேர்ந்த பழைய ஆலை அது. 19ஆம் நூற்றாண்டு நீராவிச் சாதனங்களை ஓடுகிற நிலையில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இங்கே மனதில் நின்றது எந்திரம் இல்லை, மாடு. வடித்தபின் கொப்பரையில் மிஞ்சுகிற சூடான கூழ்க்கழிவு 'ஸ்பூலிங்'. அதைக் கொட்டவே மாட்டார்கள். பக்கத்திலேயே தொழுவம், மாட்டுக்கு ஊற்றுவார்கள். நம் வீட்டுக் கழுநீர்த்தொட்டி மாதிரிதான். மாடு கொழுக்கும், சந்தைக்குப் போகும். சாணம் வயலுக்குப் போகும், வயலில் அடுத்த வருஷத்து ரை. பல பண்ணைகளுக்கு யெனேவரைவிட மாடுதான் நிச்சயமான வருமானம். நல்ல சாராயத்துக்குப் பின்னால் நல்ல மாடு இருந்திருக்கிறது.

ஊர் நடுவில் 'போரல்மானெகெ' என்ற சின்ன நீரூற்றுச் சிலை. அக்டோபர் மூன்றாவது வாரக்கடைசியில் யெனேவர் திருவிழா. அன்றைக்கு அதில் தண்ணீருக்குப் பதில் யெனேவர் வரும். நாங்கள் போனபோது வந்தது தண்ணீர். கையை நனைத்து முகர்ந்தேன். சுத்தமான தண்ணீர்.

கடைசி கிளாஸ் ஒரு மூலைக்கடையில், எட்டு மணிக்கு. இங்கேயும் விளிம்புக்கு மேலே புடைத்துத்தான் ஊற்றினார்கள். யாரும் சொல்லாமலே கை பின்னால் போய்விட்டது.

ரோட்டர்டாம் திரும்பும்போது இரவு பதினொன்றரை. வாசல் கதவைத் திறந்ததுமே ஸ்கீடாம் வாசனை. ஒரு நிமிஷம் பையில் பாட்டில் ஏதும் உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். பாட்டில் முழுசாக இருந்தது. முந்தாநாள் ஓவனில் வைத்த மாவை இரண்டு பேருமே மறந்திருந்தோம். ரை மாவு உளுந்தோடு சேர்ந்து பொங்கி, மூடியைத் தள்ளி, ஓவன் தட்டெல்லாம் வழிந்து, உள்விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் இன்னும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே ஒரு நூல் உயரம்.

மாப்பிள்ளை துணியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்தான்.

"அத்தான், இதையும் கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் குடிக்கணுமா?"